வெள்ள நிவாரணப் பை: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு என்ன வைக்கலாம்?

ஆத்தங்கரை:
2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த மாதிரி இன்னொரு முறை வந்தால் கைகொடுக்க எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் 100 வீட்டுக்கு முன்கூட்டியே பை கட்டி வைக்கிறோம். எல்லாம் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகள். பால்பவுடர், பால்புட்டி, பிஸ்கட், ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி), தண்ணீரைச் சுத்தப்படுத்தும் குளோரின் மாத்திரை என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எதைச் சேர்க்க, எதை எடுக்க?

பாலாடை:
தம்பி, முதல் இரண்டையும் எடுத்துவிடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கொதிக்க வைக்க அடுப்பு இருக்காது, புட்டியைக் கழுவ நல்ல தண்ணீரும் இருக்காது. புட்டியின் ரப்பர் முனையில் ஒட்டிய பால் சில மணி நேரத்தில் கெட்டு, அதுவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அநாதை இல்லம் தவிர வேறு யாருக்கும் இவற்றைத் தானமாகக் கொடுக்க 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் இடம் தரவில்லை.

"பயத்தில் பால் வற்றிப்போச்சு" என்று தாய்மார் சொல்வார்கள். வற்றுவதில்லை, பதற்றத்தில் பால் இறங்கத் தாமதமாகும், அவ்வளவுதான். அடிக்கடி மார்பில் போட்டால் இறங்கிவிடும். முகாமில் ஒரு மூலையை இரண்டு சேலை கட்டி மறைத்துக் கொடுங்கள். அந்தத் தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் முதல் பந்தியிலேயே போகட்டும். தாய் உடன் இல்லாத பிள்ளைக்கு மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, கொடுப்பதைப் பாலாடையிலோ கிண்ணத்திலோ புகட்டுங்கள்.

ஆறு மாதம் தாண்டியவர்களுக்குச் சத்துமாவு, அவல். கடலை மிட்டாய் பெரிய பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் மட்டும். சின்னதுகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு ஒரு லிட்டர் பாட்டிலையும் வையுங்கள், இது முக்கியம். அளவு தெரியாமல் முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி, பிள்ளைக்கு நிலைமை மோசமாகும். ஒரு பாக்கெட், ஒரு லிட்டர், 24 மணி நேரம். மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்குக் கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குக் கீழே தினம் 10 மி.கி., மேலே 20 மி.கி. செவிலியரைக் கேட்டுக் கொடுங்கள்.

ஆத்தங்கரை:
ரொம்ப நன்றி அக்கா, பட்டியலை மாற்றிவிட்டோம். ஊர்க் கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடலாம்? விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 5 மீட்டர் நிற்கும்.

குழாயடி:
3.14 × 2 × 2 ÷ 4 × 5 = 15.7 கன மீட்டர், அதாவது சுமார் 16,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்றால் 40 கிராம் வருகிறது. இது சாதாரண நாள் கணக்கு. வெள்ளம் புகுந்த கிணற்றில் சேறும் அழுகலும் குளோரினைத் தின்றுவிடும். அதனால் முதலில் இறைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் சுற்று நிலம் ஊறிக் கிடக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் சுவர் உள்ளே சரிந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறைக்க வேண்டும்.

பவுடரை அப்படியே தூவினால் பாதி வீண். வாளியில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் கருவி) பாருங்கள், லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டவில்லை என்றால் மறுபடி போடுங்கள்.

புது பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். திறந்து வைத்த மூட்டையில் ஈரம் பட்டு அது பறந்துவிடும். இப்போதே வாங்கி அடுக்காதீர்கள்.

குளோரின் மாத்திரைக்கும் ஒரு வார்த்தை. கலங்கிய தண்ணீரில் அப்படியே போட்டால் வேலை செய்யாது. நாலு மடிப்புப் பருத்தித் துணியில் வடிகட்டி, அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த அளவுக் குடத்தில் போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பையில் ஒட்டுங்கள். மாத்திரை என்றதும் விழுங்குபவர்கள் உண்டு.

முகாம் கணக்கு:
பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், புது உள்ளாடை, ஒரு டார்ச். இருட்டில் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். சின்னக் குழந்தைகளின் சட்டையில் பெயர், ஊர், அப்பா அம்மா கைப்பேசி எண் எழுதிய துணிச்சீட்டை உள்பக்கமாகத் தைத்துவிடச் சொல்லுங்கள். தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால், "சொந்தக்காரர்தான்" என்று யார் வந்து கேட்டாலும் ஒப்படைக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

ஆத்தங்கரை:
துணிச்சீட்டு எங்களுக்குத் தோன்றவே இல்லை அண்ணே. ஊசி நூலும் அழியாத மை பேனாவும் பட்டியலில் ஏற்றியாச்சு.