உதவி: காலையில ஸ்டார்ட் பண்ணினா நீலப் புகை, ஆயில் குறையுது (போர்ஷே 911, ஊட்டி)

லவ்டேல்911:
காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே பின்னாடி நீலமா புகை கொட்டுது. கொஞ்ச நேரத்துல போயிடுது. மீட்டர்ல ஆயில் குறைவா காட்டுச்சு, ஊத்தினேன், அப்புறம் புகை இன்னும் ஜாஸ்தி. பார்த்த மெக்கானிக் இன்ஜினைக் கழட்டணும்னு சொல்றார். சனிக்கிழமை கோயம்புத்தூர் கொண்டு போகணும். ஓட்டிட்டே இறங்கலாமா, ரெக்கவரி வண்டியில ஏத்தணுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கோத்தகிரி வால்வு:
911ங்கிறது 1964ல இருந்து வர்ற பேருங்க. எந்த வருஷ வண்டி? இன்ஜின் 3.6 லிட்டரா, 3.8ஆ? எவ்வளவு ஓடியிருக்கு? என்ன ஆயில், எத்தனை லிட்டர் ஊத்தினீங்க? புகை ரெண்டு பக்கக் குழாயிலயும் வருதா, ஒரு பக்கம் மட்டுமா? இது தெரியாம யார் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பாக்ஸர்6:
நிச்சயம் ஐஎம்எஸ் பேரிங். இந்த வண்டிகளுக்கு அதுதான் எமன். ஓட்டவே ஓட்டாதீங்க, உடனே மாத்துங்க.

மூத்த கியர்:
பாக்ஸர்6, பாதி படிச்சிட்டு பயமுறுத்துறதை நிறுத்துங்க. ஐஎம்எஸ்ங்கிறது கிராங்க்ல இருந்து கேம் செயினுக்குச் சுழற்சியைக் கடத்துற இடைத்தண்டு. அதோட பேரிங் தேஞ்சா ஃபில்டர்ல காந்தத்துல ஒட்டுற இரும்புத்தூள் வரும், சத்தம் வரும். நீலப் புகை அதோட அடையாளமே இல்லை. அதுவும் எல்லா வருஷத்துக்கும் ஒண்ணு கிடையாது. முதல்ல வந்ததுல இரட்டை வரிசை பேரிங், 2000ஐ ஒட்டி ஒற்றை வரிசை. அதிகம் உடைஞ்சது அதுதான். 2006லிருந்து பெரிய பேரிங், அது உடையறது அபூர்வம். கிராங்க் கேஸைப் பிளக்காம அதை வெளியே எடுக்க முடியாது, அதனால ‘உடனே மாத்துங்க’ங்கிற பேச்சுக்கே இடமில்லை. 2009 மாடல்ல வந்த 9ஏ1 இன்ஜின்ல இடைத்தண்டே கிடையாது. கேள்வி கேட்டவர்: அடிப்படை விவரம்கூடப் போடாம உதவி கேட்டா இப்படித்தான் ஆளுக்கொண்ணு சொல்வாங்க.

பீளமேடு பிஸ்டன்:
எனக்குச் சந்தேகம் சிலிண்டர் கீறல் மேலதான். எம்97ங்கிற 3.8 லிட்டர் இன்ஜின்ல பிளாக் அலுமினியம், சிலிண்டர் சுவர் லோகாசில், அதாவது சிலிக்கான் சேர்த்த அலுமினியம். பிஸ்டன் பூச்சு உரிஞ்சா சுவர்ல கீறல் விழும், பெரும்பாலும் 4, 5, 6 இருக்கிற பக்கம், அதுலயும் ஆறாவது. குளிர்ல ஸ்டார்ட் பண்ணி உடனே மிதிக்கிறதுதான் இதுக்குப் பெரிய எதிரி. தண்ணி முள் 80க்கு வந்த பிறகும் ஆயில் சூடாக ரொம்ப நேரம் ஆகும். ஊட்டி டிசம்பர், ஜனவரியில ஆயில் முள் 70 தாண்டுற வரைக்கும் 3,500 சுற்றுக்கு மேல போகவே கூடாது. அடையாளம்: சூடான பிறகு ஐடில்ல ‘டக் டக்’னு சத்தம், ஒரு பக்கக் குழாயில மட்டும் கரி அப்பியிருக்கும். பார்க்கணும்னா கேமரா விடணும். பிளக் ஓட்டை வழியா விட்டா மேல்பாதிதான் நல்லாத் தெரியும். கீறல் கீழ இருந்து தொடங்குறதால சம்பை (இன்ஜின் அடியில ஆயில் தேங்குற தட்டு) கழட்டி அடியில இருந்து பார்க்கிறதுதான் நம்பகம்.

லவ்டேல்911:
2007, கரெரா எஸ் 3.8, மேனுவல். 52,000 ஓடியிருக்கு. ஆயில் 0டபிள்யூ-40, ஒரு லிட்டர் ஊத்தினேன், அப்புறம் இன்னொரு லிட்டர். புகை ரெண்டு பக்கமும். டக் டக் சத்தம் இல்லை. வீட்டு வாசல்லதான் நிறுத்துறேன், சரிவு.

கோத்தகிரி வால்வு:
கடைசி வார்த்தைதாங்க முக்கியம். உங்க 2007 வண்டி 997 வகை, அதுல டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) கிடையாது, எலக்ட்ரானிக் மீட்டர்தான். வண்டி சமதளத்துல நின்னு, ஆயில் சூடாகி, சம்புக்கு வடிஞ்ச பிறகு காட்டுறதுதான் சரியான அளவு. சரிவுல நின்னா சாயற பக்கத்தைப் பொறுத்து கூடவோ குறையவோ காட்டும். அதை நம்பி ரெண்டு லிட்டர் ஊத்தினா மட்டம் மேல் கோட்டைத் தாண்டிப் போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

தாண்டினா என்ன ஆகும்? கிராங்க் கேஸ் காற்றுல இருந்து ஆயிலைப் பிரிச்சு சம்புக்குத் திருப்பி அனுப்புற ஏஓஎஸ்ஸுக்குள்ள ஆயில் நுழைஞ்சு, அங்கிருந்து இன்டேக்குக்குப் போகும். ரெண்டு பக்க சிலிண்டர் வரிசைக்கும் பொதுவான பாதை, அதனாலதான் ரெண்டு குழாயிலயும் புகை. கீறல்னா ஒரு பக்கம் மட்டும் கரி அதிகமா இருக்கும்.

இன்னொண்ணு, இந்த இன்ஜின்ல சிலிண்டர்கள் படுத்த மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்க ஒரு பக்கம் சாஞ்சு நின்னா தாழ்ந்த பக்கத்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் ஆயில் கசியும். எப்பவாவது சில நொடி புகைஞ்சா அது நோயில்லை. தினமும் கொட்டுதுன்னா வேற விஷயம்.

இறங்குறதைப் பத்தி: இப்போ இருக்கிற நிலையில வேண்டாம். குன்னூர் மலைப்பாதையில 14 கொண்டை ஊசி வளைவு. கியர்லயே பிடிச்சு இறங்கும்போது த்ராட்டில் மூடியே இருக்கும், இன்டேக்ல வெற்றிடம் ரொம்ப நேரம் உச்சத்துலயே நிக்கும். ஆயில் கூடுதலா இருந்தா ஏஓஎஸ் வழியா அதை உறிஞ்சிக்கிட்டே வரும். சிலிண்டர்ல ஆயில் தேங்கினா கனெக்டிங் ராடு வளையும், அப்போதான் இன்ஜினைக் கழட்டுற வேலை நிஜமா வரும். அதுக்காக நியூட்ரல்ல இறங்கிடாதீங்க, பிரேக் தீஞ்சிடும். முதல்ல மட்டத்தைச் சரிபண்ணுங்க.

சேரிங்கிராஸ்:
ஊட்டியில பெட்ரோலும் பாருங்க, 98 ஆக்டேன் இல்லைன்னா இந்த இன்ஜின் ஒத்துக்காது.

பாக்ஸர்6:
இந்த உயரத்துல 98 தேவையே இல்லை. 2,240 மீட்டர்ல காற்றழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள்ள போற காற்று குறைஞ்சா நாக்கிங்கும் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சுத் தட்டுறது) குறையும். 355 குதிரைத்திறன் வண்டி ஊட்டியில 280 பக்கம்தான் தரும், டர்போ இல்லாததால ஈடுகட்ட வழியில்லை.

பீளமேடு பிஸ்டன்:
ஊட்டிக்குள்ளேயே சுத்தினா நீங்க சொல்றது சரி. அதே டேங்கோட மேட்டுப்பாளையம் தாண்டி சமவெளியில மிதிச்சா காற்று முழுசா உள்ள வரும். 11.8க்கு 1 கம்ப்ரஷன். நாக் சென்சார் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாத்தும், ஆனா இழுவை போகும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். கீழ இறங்குறவர் மேல நிரப்பும்போதே நல்ல பெட்ரோல் போடணும்.

பாக்ஸர்6:
அப்போ மலையில இருக்கிறவங்க எல்லாரும் வருஷம் முழுக்கக் கூடுதல் காசு கொடுக்கணுமா? பாதி டேங்கோட இறங்கி, கீழ போய் நல்லதை நிரப்பினா போதும்.

மூத்த கியர்:
இது பெட்ரோல் இழை இல்லை. தனியா தொடங்கிப் பேசுங்க. கேட்டவர் சோதனைகளைச் செய்யட்டும். ஐடில்ல ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்துப் பாருங்க. உறிஞ்சிப் பிடிச்சு வர மறுத்தாலோ, விசில் மாதிரி ஊளையிட்டாலோ ஏஓஎஸ் உள்ள இருக்கிற டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கு. அளந்து பார்க்கணும்னா வேற மூடியில ஓட்டை போட்டு, ஒளி ஊடுருவுற குழாயை ‘யு’ வடிவத்துல வளைச்சு தண்ணி ஊத்தி மாட்டுங்க. ரெண்டு கையோட மட்ட வித்தியாசம் 12, 15 செ.மீ.க்குள்ள இருந்தா நல்லது, 25ஐத் தாண்டினா மாத்தணும். தண்ணி இன்ஜின் பக்கம் வேகமா ஏறினா அந்த நொடியே நிறுத்திடணும். மூடிக்கு அடியில வெள்ளைக் களிம்பு இருந்தா உடனே ஹெட் போச்சுன்னு நினைக்காதீங்க. குளிர்ல பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டுற வண்டியில ஈரம் படிஞ்சு அப்படி வரும். கூலன்ட் டேங்க்லயும் ஆயில் மிதந்தாத்தான் கவலை.

லவ்டேல்911:
பெட்ரோல் பங்க்ல சமதளத்துல பார்த்தேன், மேல் கோடு வரைக்கும் நிறைஞ்சிருக்கு. மூடி சுலபமா வந்துச்சு. த்ராட்டில் குழாய்க்குள்ள ஆயில் ஈரம். இப்போ என்ன?

கோத்தகிரி வால்வு:
மேல் கோடுன்னு காட்டினா அதுக்கு மேல எவ்வளவு இருக்குன்னு தெரியாது. முழுசா வடிச்சிடுங்க. சூட்டோட வடிக்கணும், டிரெயின் போல்ட்டுக்கு 8 மி.மீ. ஆலன். அரைமணி நேரம் விடுங்க, வடிஞ்சதை அளந்துக்கோங்க. ஃபில்டரோட சேர்த்து மாத்தினா இந்த இன்ஜினுக்கு ஏறக்குறைய 8 லிட்டர்தான் பிடிக்கும். பழைய ஃபில்டர் மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க. காந்தத்துல ஒட்டுற மினுக்குத்தூள்னா பேரிங், ஒட்டாத வெள்ளித்தூள்னா அலுமினியம், பழுப்பு பிளாஸ்டிக் துண்டுன்னா செயின் கைடு. போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு 50 நியூட்டன்மீட்டருக்கு இறுக்குங்க, ஃபில்டர் கிண்ணம் 25. முதல்ல ஏழரை லிட்டர் மட்டும் ஊத்தி, ஓட்டிச் சூடாக்கி, அதே பங்க்ல மீட்டரைப் பாருங்க. மிச்சத்தைக் கால் கால் லிட்டரா ஏத்துங்க. மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழயே நிறுத்திடுங்க.

த்ராட்டில் குழாயைத் துணியால துடைச்சு விடுங்க. ரெண்டு நாள் உள்ளூர்ல ஓட்டிட்டுத் திரும்பப் பாருங்க. காஞ்சே இருந்தா ஏஓஎஸ் நல்லா இருக்கு, ஓட்டிட்டே இறங்கலாம். மறுபடி ஈரமானா ஏஓஎஸ்ஸும் அதோட பெல்லோஸும் (மடிப்புக் குழாய்) சேர்த்து வாங்குங்க, வண்டி ரெக்கவரியில போகட்டும்.

பீளமேடு பிஸ்டன்:
கீழ வந்தா முன் பம்பரைக் கழட்டச் சொல்லுங்க. ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவுல கற்பூர மர இலை மக்கி அடைஞ்சிருக்கும், அது ரெண்டையும் அரிக்கும். கூலன்ட் மூடியும் பழசுன்னா மாத்துங்க. ஊட்டியில திறந்த பாத்திரத்துத் தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிக்கும், மூடி அழுத்தம் பிடிக்கலைன்னா மலைமேலதான் முதல்ல காட்டிக் கொடுக்கும்.

லவ்டேல்911:
வடிச்சதுல 9 லிட்டருக்கு மேல வந்துச்சு. ஃபில்டர்ல தூள் எதுவும் இல்லை. இப்போ காலையில புகை இல்லை, குழாய் காஞ்சிருக்கு. சனிக்கிழமை ஓட்டிட்டே இறங்குறேன். நன்றிங்க.

பாக்ஸர்6:
எந்த பெட்ரோல் போட்டீங்கன்னு சொல்லுங்க.