மதியச் சோற்றுக்குப் பிறகு வயிறு ஊதல்: இஞ்சி ஒத்துவரவில்லை, வேறு என்ன கொடுக்கலாம்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்கிறேன். அம்மாவுக்கு 58 வயது. சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து, மதியம் சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு ஊதி ஏப்பம் வருகிறது. பிறகு பொழுதுபடும் வரை எழும்ப முடியாத அசதி. காலையில் நாக்கில் வெள்ளை படிந்திருக்கும். சீனி, தைரொயிட், ஹீமோகுளோபின் சோதித்தாயிற்று, எல்லாம் சரி. நிறையும் குறையவில்லை.

ஆயுர்வேத முறைப்படி இரவுத் தயிரை நிறுத்திவிட்டோம். மதியம் எருமைத் தயிர் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, வறுத்த நற்சீரகப் பொடி கால் தேக்கரண்டியும் இந்துப்பும் போட்டு மோராகக் கொடுக்கிறோம். இரவு 7 மணிக்கு முன் பயற்றங்கஞ்சி, குழைய அவித்து.

சாப்பாட்டுக்கு முன் இஞ்சித் துண்டை உப்பில் தொட்டுக் கொடுத்தால் ஊதல் அடங்குகிறது, ஆனால் நெஞ்செரிவு வந்துவிடுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகும் அப்படித்தான். சுக்கும் மிளகும் உறைப்பு, சூடு. இந்த வெயிலில் பித்தத்தைக் கிளப்பாமல் விடாது. நிறுத்தினால் ஊதல் திரும்புகிறது. மல்லித் தண்ணீர் எரிவைத் தணிக்கிறது, ஊதலுக்குப் போதவில்லை.

பித்தம் கூடாமல் மதியச் சோறு செரிக்க, இஞ்சிக்குப் பதிலாக எதை, எந்த அளவில், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா கொடுக்கலாம்?