வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வேளச்சேரி, தடயவியல் ஆய்வாளர்:

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். டிசைன் பிரிவில் இருந்தவர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். வரைபடங்களையும் கொண்டுபோயிருப்பாரோ என்று முதலாளிக்குச் சந்தேகம். அவர் ஒப்படைத்த லேப்டாப்பை ஹெச்.ஆர். அம்மா ஒரு உறையில் போட்டு ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தார். "நாளைக்குக் கேஸுன்னு வந்தா இது யார் கையில இருந்துச்சுன்னு கேப்பாங்கல்ல சார்" என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்கு அது தோன்றியிருக்கிறது. மனதாரப் பாராட்டிவிட்டு வந்தேன்.

லேப்டாப்பை நாங்கள் ஆன் செய்யவே இல்லை. ஆன் செய்தாலே நூற்றுக்கணக்கான கோப்புகளும் பதிவுகளும் மாறிவிடும். டிஸ்க்கைக் கழற்றி, அதில் எதுவும் எழுதவிடாத ரைட் பிளாக்கர் வழியாக முழுப் பிரதி எடுத்து, அசலுக்கும் பிரதிக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பு) ஒன்றுதானா என்று பார்த்த பிறகு, பிரதியில்தான் வேலை.

விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பென்டிரைவின் வரிசை எண், முதலில் செருகிய நேரம், கடைசியாகச் செருகிய நேரம் எல்லாம் இருந்தன. அந்த பென்டிரைவிலிருந்தே சில வரைபடங்களைத் திறந்து பார்த்ததற்கு, திறக்கும்போது விண்டோஸ் தானாக உருவாக்கும் ஷார்ட்கட் கோப்புகள் சாட்சி. ஆனால் முதலாளி கேட்டது வேறு: "இத்தனை மணிக்கு இந்த ஃபைலை காப்பி பண்ணினார்னு எழுதிக் கொடுங்க." விண்டோஸ் தானாக அப்படி ஒரு பதிவு வைப்பதில்லை. செருகப்பட்டது, இந்தப் பெயருள்ள கோப்பு அதிலிருந்து திறக்கப்பட்டது, அப்போது இந்த யூசர் கணக்கு லாகின் ஆகியிருந்தது. இவ்வளவுதான் எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி சேர்த்திருந்தால் குறுக்கு விசாரணையில் மொத்த அறிக்கையும் சரிந்திருக்கும்.

பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் லேப்டாப் ஃபார்மட் ஆகி, புதிதாகச் சேர்ந்தவர் மேசைக்குப் போயிருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கொஞ்சமாவது மீட்கலாம். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே காலி செய்துவிடும், அப்புறம் தேட ஒன்றும் இருக்காது. சிலர் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்கக் கொடுத்துவிட்டு வருவார்கள். தொலைந்த கல்யாண போட்டோவுக்கு அது சரி. வழக்குக்குப் போகும் டிஸ்க்கை அப்படிக் கொடுக்காதீர்கள்.

துரைப்பாக்கம், சிஸ்டம் அட்மின்:

சார் சொன்னது லேப்டாப் கதை, என்னுடையது சர்வர். முன்பு வேலை பார்த்த இடத்தில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தது. பதற்றத்தில் ஒருவர் எல்லா சர்வர்களையும் ஆஃப் செய்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், ஆனால் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் ரேம் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போச்சு. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மின்சாரத்தை விட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கு வந்தவர்கள் அடுத்துக் கேட்டது, யார் எப்போது லாகின் செய்தார் என்று விண்டோஸ் எழுதி வைக்கும் செக்யூரிட்டி லாக். அது இயல்பாக 20 எம்.பி. அளவில்தான் இருக்கும். பரபரப்பான சர்வரில் சீக்கிரமே பழையதன் மேல் புதியது எழுதிவிடும். யார் முதலில் நுழைந்தார் என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவலும் சொல்ல வேண்டும். இப்போது இருக்கும் கம்பெனியில் லாக்குகள் தனி சர்வருக்குப் போகின்றன. அதற்கு பட்ஜெட் வாங்கப் பெரிய போராட்டமே நடத்தினேன்.

பாரிமுனை, வழக்கறிஞர்:

என்னிடம் வருபவர்கள் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் பிரிண்ட் எடுத்த மின்னஞ்சலையும் மட்டும் கொண்டுவருகிறார்கள். மின்னணு ஆவணங்களுக்குச் சான்றிதழ் கேட்கும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவாகியிருக்கிறது. சான்றிதழில் இப்போது இரண்டு பகுதி: ஒன்றில் தாக்கல் செய்பவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். அசல் கருவியையே கோர்ட்டில் காட்டினால் ஒழிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்த அம்பத்தூர் உறையின் மேல் லேப்டாப்பின் சீரியல் நம்பர் எழுதியிருந்தார்களா சார்?

வேளச்சேரி, தடயவியல் ஆய்வாளர்:

எழுதியிருந்தார்கள் மேடம். சார்ஜரையும் சேர்த்தே உள்ளே வைத்திருந்தார்கள். டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி மட்டும் ஐ.டி. பிரிவிடம் இருந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். அது கிடைக்காமல் போயிருந்தால் முழுப் பிரதி கையில் இருந்தும் ஒரு கோப்பைக்கூட படித்திருக்க முடியாது.