சித்தப்பாவின் ஆறு மாத மாத்திரை

*நம்ம வீட்டுக் குழு*

பெரம்பூர் சித்தி (காலை 7:12)
இவர் மூன்று நாளாக டிபி மாத்திரை போடவில்லை. இருமல் நின்றுவிட்டது, இனிமேல் எதற்கு என்கிறார். இரண்டு மாதம்தான் ஆகிறது. யாராவது சொல்லுங்கள்.

சித்தப்பா (7:20)
போட்டால் குமட்டுகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. போன வாரம் சளி டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அப்புறம் என்ன?

தாம்பரம் அத்தை (7:24)
எனக்குத் தொண்டை வலிக்கு ஐந்தே நாள்தான் கொடுத்தார்கள். இதற்கு மட்டும் ஏன் ஆறு மாதம்?

நான் (7:41)
அத்தை, அந்தக் கிருமியின் சுவரும் அதன் மெதுவான வளர்ச்சியும்தான் காரணம். பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல். நம் செல்லில் இருப்பதுபோல் உட்கரு கிடையாது. டிஎன்ஏ உள்ளே சுருண்டு கிடக்கும், கூடவே புரதம் செய்யும் ரைபோசோம்கள். சுற்றி ஒரு சவ்வு, அதற்கு வெளியே செல் சுவர். பெனிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாது. நம் செல்லுக்குச் சுவரே இல்லை என்பதால் அந்த அடி நமக்கு விழாது.

நான் (7:44)
டிபி கிருமியின் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகு கெட்டியாகப் படிந்திருக்கும். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல, பல மருந்துகள் உள்ளேயே போகாது. லேபில் சாயம் ஏற்றக்கூடச் சூடு காட்ட வேண்டும். வளர்ச்சியும் மெதுவானது. குடலில் வாழும் ஈ.கோலை வசதியான இடத்தில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்குக் கிட்டத்தட்ட 20 மணி நேரம். சில கிருமிகள் பெருகாமல் அப்படியே உறங்கும். அவற்றை மருந்தால் சீக்கிரம் கொல்ல முடியாது.

அண்ணன் (7:50)
காலரா மாதிரி விஷம் கக்குமா?

நான் (7:58)
இல்லை அண்ணா. காலராக் கிருமியின் நஞ்சு உடலின் தண்ணீரைக் குடலுக்குள் இறைத்துத் தள்ளும். கொல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் அதை நிரூபித்தார். டிபி கிருமியின் வழி வேறு. நுரையீரலில் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் காவல் செல்கள் இதையும் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. அதற்குள்ளேயே குடியிருக்கும். உடல் அதைச் சுற்றி வளைத்து முடிச்சுப் போடும். அந்த முடிச்சின் நடுப்பகுதி செத்துக் கரைந்தால் நுரையீரலில் குழி விழும். சேதத்தில் பெரும்பங்கு நம் உடல் போடும் சண்டையால்தான்.

சித்தப்பா, நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது நிறுத்தினால் மிஞ்சியவை மறுபடி பெருகும். மருந்துக்கு அடங்காத வகை வந்துவிட்டால் சிகிச்சை இன்னும் கடினமாகிவிடும். எனக்கு அந்தப் பயம்தான்.

நான் (8:01)
ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் குமட்டலை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மாத்திரைகள் கல்லீரலையும் தாக்கலாம். கண் மஞ்சளானால் அன்றைக்கே போக வேண்டும்.

தாம்பரம் அத்தை (8:06)
தம்பிக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைக்கச் சொன்னேனே, அது சரிதானே?

நான் (8:13)
வேண்டாம் அத்தை. இருமும்போது காற்றில்தான் பரவும், தட்டில் இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது. நம் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான் நோயாளி வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டியது. ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள், மற்றவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை. 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நெருக்கமான வீடுகள், சாப்பாடும் சுமார்தான். மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட்டார்கள்.

பெரம்பூர் சித்தி (8:15)
படித்துக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா (8:22)
விட்டுப்போன மூன்று நாள் மாத்திரையையும் சேர்த்துப் போட வேண்டுமா?

நான் (8:23)
வேண்டாம், சேர்த்துப் போடாதீர்கள். மாத்திரை கொடுக்கும் இடத்தில் மூன்று நாள் விட்டதைச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணன் (8:25)
பத்து மணிக்கு வண்டி எடுத்து வருகிறேன். அட்டையையும் மாத்திரையையும் கையில் வைத்திருங்கள், சித்தப்பா.

சித்தப்பா (8:31)
ஒன்பதரைக்கே வா. பத்துக்கு மேல் கூட்டம்.