மேலே வெயில், மலையில் மழை: மூன்று வயதுப் பிள்ளையை மறுபடி ஆற்றுக்குக் கூட்டிப்போகலாமா?

இரண்டு வாண்டுகளின் அம்மா (தாப்பா):

வணக்கம். எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பாவுக்கு வெளியே, தோட்டத்துப் பக்கம். வீட்டுக்காரருக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் ஷிப்ட் வேலை, ஞாயிறு மட்டும்தான் கையில் கிடைப்பார். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று நடக்கிறது.

போன மாதம் கோலா வோ போனோம். கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்ப வேண்டும். ஒரு பக்கம் சுடுதண்ணீர் ஊறும், பக்கத்திலேயே ஆறு ஜில்லென்று ஓடும். எலுமிச்சை சோறும் நெத்திலி சம்பலும் கட்டிக்கொண்டு கிளம்பவே பதினொன்றாகிவிட்டது. (சின்னவளின் ஒரு சிலிப்பரைத் தேடியதில் முக்கால் மணி நேரம். அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடந்தது.)

மதியம் ஒன்றரை இருக்கும். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலைப்பக்கம் கறுத்திருந்ததை நான் பார்த்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. மகன் கல் அடுக்கி அணை கட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் திடீரென்று தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்துக்கு மாறியது. இலைக் குப்பையும் சுள்ளியும் மிதந்து வந்தன. கீழே மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு "நாயிக்! நாயிக்!" என்று கத்தினார். மேலே ஏறச் சொல்கிறார். என் பிள்ளையோ, "எங்கம்மா நாய்?" என்று சுற்றிப் பார்த்தபடி நிற்கிறான். அவர் இவனைத் தூக்கினார், நான் சின்னவளை இழுத்தேன். கரையேறித் திரும்பிப் பார்த்தால் அணையும் இல்லை, நாங்கள் உட்கார்ந்திருந்த கல்லும் இல்லை. சோற்றுப் பாத்திரம் போயே போய்விட்டது. தேடிக் கண்டுபிடித்த அந்தச் சிலிப்பரும்தான்.

அன்றிலிருந்து மாமியார் ஆறு என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை. இத்தனைக்கும் அவர் தோட்டத்து ஆற்றில் குதித்து வளர்ந்தவர். ஞாயிறானால் ஈப்போவுக்குப் போய்க் கடைகளைச் சுற்றுகிறோம், மற்ற நாளெல்லாம் கைப்பேசிதான். எனக்கு மனசே ஆறவில்லை. மறுபடி போகலாமா? நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்?

பழைய லயத்து ஆள் (சுங்கை சிப்புட்):

தங்கச்சி, நீங்கள் பார்த்ததற்குப் பெயர் கெப்பாலா ஆயிர். மேலே மலையில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு இறங்குவது. சில நேரம் நடுவில் மரக்கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டு, உடையும்போது சுவர் மாதிரி வரும். நாம் நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு மழைகூட இருக்காது. அதனால் தலைக்கு மேல் பார்த்துப் பயனில்லை, மலையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலங்கினாலோ, இலை தழை கூடினாலோ, இரைச்சல் மாறினாலோ சாமானை எல்லாம் விட்டுவிட்டு ஏறிவிடுங்கள். பாத்திரம் போனது போகட்டும்.

நம் பக்கம் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். நாங்கள் விடிந்து எட்டு மணிக்கு ஆற்றில் இருப்போம், பதினொன்றுக்கு வீட்டில் இருப்போம். அக்கரைக்கும் நடுக்கல்லுக்கும் பிள்ளைகளை விடுவதில்லை. பெரியவர் ஒருவர் மேல்தண்ணீரைப் பார்த்தபடியே உட்கார வேண்டும், கையில் போன் இருக்கக் கூடாது. முதல்நாள் இரவு கொட்டியிருந்தால் போகவே வேண்டாம்.

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். ஆற்றில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் இருக்கும்.

மூன்று பிள்ளைக்காரி (பீடோர்):

சுடுதண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நமக்கு இதமாக இருப்பது குழந்தைத் தோலுக்குச் சுடும். ஒவ்வொரு இடத்திலும் சூடு ஒவ்வொரு மாதிரி இருக்கும், முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் நான் இறக்குவேன். சிலிப்பர் வேண்டாம்மா, பாசிக் கல்லில் வழுக்கும். கம்போங் அடிடாஸ் என்று கறுப்பு ரப்பர் சப்பாத்து விற்பார்களே, அதை வாங்கிப் போடுங்கள். மரம் வெட்டுகிறவர்கள் போடுவதுதான்.

காலில் புண் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. எலி மூத்திரக் காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். போய்வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டால், ஆற்றில் குளித்ததைக் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். என் நடு மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் சொல்ல மறந்தேன், டாக்டர் தானாகக் கேட்டார். நல்லவேளை, அது வெறும் சளிக்காய்ச்சல்.

செம்பனைக்காரன் (தெலுக் இந்தான்):

வாராவாரம் ஆறு எதற்கு அக்கா? தோட்டத்துக்குள்ளேயே ஊர்ப்பட்ட விளையாட்டு இருக்கிறதே. ஆனால் செம்பனை நிரையில் வெட்டின மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், அதன் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். எலி அங்கே இருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். மருந்தடிக்கிற நாள் எது என்று மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம், கிடைத்தால் இன்னும் நல்லது. இப்போது கொட்டை விழுகிற நேரம். பச்சைக் கொட்டையில் விஷம் உண்டு, சின்னப் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டு வாண்டுகளின் அம்மா (தாப்பா):

எல்லாருக்கும் நன்றி. செம்பனைக்காரத் தம்பி சொன்னதைத்தான் முதலில் செய்தோம். வீட்டுக்காரரின் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பால்மரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனோம். வெயில் ஏற ஏற மரத்தில் காய்கள் பட் பட்டென்று வெடித்தன. ஒரு காய்க்கு மூன்று கொட்டை. மகன் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடினான், சின்னவள் அவன் பின்னாலேயே ஓடினாள், நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு அவள் பின்னால். அட்டை ஒன்று என் காலில்தான் ஏறியது. பிள்ளைகள் இரண்டும் அதைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

மாமியார் "நான் வரலை" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். அங்கே போனதும் நல்ல புள்ளி போட்ட கொட்டையாக ஒன்றைப் பொறுக்கி, சிமெண்டுத் திண்ணையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, பேரன் கையில் ஒரு வை வைத்தார் பாருங்கள். அவன் அலறிய அலறலில் சித்தப்பா வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது. அதற்கப்புறம் இவன் தேய்க்க, அவர் ஓட, அறுபத்து நான்கு வயதில்.

திரும்பி வரும்போது பழைய லயத்து அண்ணன் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். நடுக்கல் விஷயம் வந்ததும், "அத எங்க அப்பாவே சொல்லுவாரு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. வீடு வந்து இறங்கும்போதுதான் கேட்டார்: "எட்டு மணிக்கு ஆத்துல இருக்கணும்னா, நீ எத்தன மணிக்குச் சோறு வடிப்ப?"

சப்பாத்து நாளைக்கு வாங்குகிறோம். மூன்று வயதுக்கு அளவு கிடைக்குமா, பீடோர் அக்கா?