மொறிஸ் மைனருக்குக் கையால் கோடு இழுக்கிறது: பிறஷ், பெயின்ற், வெக்கை

பச்சை மைனர் (கோண்டாவில்)

வணக்கம். வண்டி மொறிஸ் மைனர் 1000, ரெண்டு கதவு. முழுசாய் உரிச்சு 2கே பெயின்ற் (ஹார்ட்னர் எண்ட இறுக்கியைக் கலந்து அடிக்கிற சாமான்) அடிச்சு ரெண்டு மாசம். கடும் பச்சை, மேல கிளியர் எண்ட நிறமில்லாப் பூச்சு இல்லை. கண்ணாடிக்குக் கீழ ஓடுற தகட்டு மடிப்போட சேத்து, பொனற் ஓரத்தில இருந்து பின்பக்கம் வரைக்கும் கிறீம் நிறத்தில ரெண்டு கோடு வேணும். மேல ஒண்டு மொத்தம், அதுக்குக் கீழ ஒண்டு மெல்லிசு. ஸ்ரிக்கர் வேண்டாம்.

பழைய கதவு ஒண்டில மாஸ்க்கிங் ரேப் ஒட்டி, வீட்டுக்கு அடிக்கிற எனாமலை அடிச்சுப் பாத்தாச்சு. ரேப்புக்குக் கீழ ஊறி ஓரம் வாள் பல்லு மாதிரி வந்திட்டுது. கிறீமுக்கு உள்ளால பச்சையும் தெரியுது. ரேப் இல்லாமல் கையால இழுக்கலாமோ? என்ன பிறஷ், என்ன பெயின்ற்? கோட்டுக்கு மேல கிளியர் அடிக்க வேணுமோ? இஞ்சத்தை வெக்கைக்கு ஏதும் தனியாய்ப் பாக்க இருக்கோ?

தூரிகை

ஸ்ரிக்கரை விட்டது நல்லது. ரேப்பையும் விடுங்கோ.

மாஸ்க்கிங் ரேப் எண்டது சுருக்கம் விழுந்த கடதாசி. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சின்ன வாய்க்கால், அதுக்குள்ளால பெயின்ற் தானாய் இழுபட்டுப் போகும். பிளாஸ்ரிக் ஃபைன் லைன் ரேப் ஒட்டினால் ஊறாது. ஆனால் ஓரத்தில பெயின்ற் தேங்கிக் காஞ்சு வரம்பு கட்டும், நகத்தால தடவினால் தட்டும். அந்த வரம்பிலதான் பிறகு மெழுகும் புழுதியும் அடைஞ்சு கோடு கறுக்கும். கையால இழுத்த கோட்டில வரம்பு இல்லை. ரெண்டு ஓரமும் மெல்லிசாய் இறங்கித் தகட்டோட சேரும். குதிரை வண்டிக் காலத்தில இருந்து வந்த வேலை இது. றோல்ஸ் றொய்சின் குட்வூட் தொழிற்சாலையில இந்தக் கோட்டை இண்டைக்கும் பிறஷாலதான் இழுக்கினம்.

பிறஷ்தான் முக்கியம். போர்ட் எழுதுற பிறஷின் மயிர் கட்டை. அது ஒரு சாண் போக முதல் வத்திப் போகும். உங்களுக்கு வேண்டியது ஸ்ரைப்பிங் பிறஷ், வாள் வடிவில வெட்டினது. மயிர் கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர் நீளம், கைபிடி சின்ன விரலளவு. மயிர் அணிலின் வாலில எடுத்தது. அணில் மயிருக்கு விறைப்பு இல்லை, தகட்டில படுத்தால் படுத்தபடி கிடக்கும். வயிறு நிறையப் பெயின்ற் பிடிச்சு, அதை ஒரே அளவாய் நுனிக்கு விடும். நைலோன் மயிர் துள்ளி எழும்பும், கோடு நடுங்கும். இலக்கம் 00 எடுங்கோ, ரெண்டு கோட்டுக்கும் அது ஒண்டு போதும். மொத்தத்தைத் தீர்மானிக்கிறது பிறஷின் அளவில்லை, எவ்வளவு மயிரைத் தகட்டில படுக்க விடுறியள் எண்டதுதான்.

பெயின்ற்: வீட்டு எனாமலில நிறப்பொடி குறைவு, எண்ணெய் கூட. அதாலதான் பச்சை தெரியுது. மூடட்டும் எண்டு மொத்தமாய் வைச்சால் வழியும். எழுத்து வேலைக்கெண்டு வாற எண்ணெய் எனாமல், அதுதான் 'வன் ஷொட்' மாதிரிச் சாமான், ஒரே இழுவையில மூடும். சின்ன ரின் ஒண்டில பத்து மைனருக்குக் கோடு இழுக்கலாம். கடையில இல்லாட்டி வெளிநாட்டில இருந்து வாற ஆரிட்டையும் சொல்லி எடுக்கிறது நல்லம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல்லு. சுத்த வெள்ளையைக் கடும் பச்சையில வைச்சால் ஸ்ரிக்கர் மாதிரியே தெரியும். வெள்ளைக்குள்ள மஞ்சள் கொஞ்சம், மண்ணிறம் ஊசி முனையளவு விட்டுக் கலவுங்கோ. பகல் வெளிச்சத்தில அதே பச்சைக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, றியூப் லைற்றுக்குக் கீழ பாத்து முடிவெடுக்காதேங்கோ. ரெண்டு பக்கத்துக்கும் காணக்கூடியதாய் ஒரே தரத்தில கலந்து மூடிபோட்ட போத்தலில வையுங்கோ. பாதி வேலையில முடிஞ்சால் திரும்ப அதே கிறீம் வராது.

சுன்னாகம் 948

தம்பி, பிறஷைத் தொட முதல் கதவைப் பாருங்கோ.

மைனரின் கதவு பாரம், பிணைச்சல் பின் தேய்ஞ்சிருக்கும். கதவைக் கொஞ்சம் திறந்து, பூட்டுப் பக்கத்துக் கீழ்முனையைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தால் மூடிக்கிடக்கேக்க ஒரு உயரம், திறந்து அடிச்ச பிறகு இன்னொரு உயரம். தகட்டு மடிப்பு 2 மில்லிமீற்றர் தப்பினால் ஒருத்தரின்ர கண்ணுக்கும் தெரியாது. அதே இடத்தில கிறீம் கோடு போனால் பத்தடிக்கு அங்கால நிண்டே படிக்கட்டு மாதிரித் தெரியும். பின்னை மாத்தி, கதவை நேராக்கி, றப்பரும் போட்டு, ஒரு கிழமை ஓடிப் பாத்திட்டுக் கோட்டுக்கு வாங்கோ.

மற்றது, வழிகாட்டிக்குக் காந்த ரேப் பாவிக்கலாம். கோட்டுக்கு 6, 7 மில்லிமீற்றர் மேல நீளத்துக்கு ஒட்டி, சின்ன விரலை அதில முட்டிக்கொண்டு இழுத்தால் விலகாது. பட்டி மொத்தமாய் இருக்கிற இடத்தில காந்தம் வழுகும். அங்க என்ன நடந்திருக்கெண்டும் அதிலயே தெரிஞ்சிடும். ஒஸ்ரின் ஏ40 ஸ்போட்ஸ் மாதிரி அலுமினிய வண்டியெண்டால் காந்தம் பிடிக்காது, ஃபைன் லைன் ரேப்பை வழிகாட்டியாய் ஒட்டலாம்.

கோடு முடிஞ்ச பிறகு மேலால ரெண்டு தரம் 2கே கிளியர் அடிச்சுவிட்டால் காலத்துக்கும் நிக்கும்.

தூரிகை

அண்ணை, கதவு விஷயம் முழுக்கச் சரி. கிளியர் மட்டும் வேண்டாம்.

எண்ணெய் எனாமல் காயிறது காற்றில இருக்கிற ஒட்சிசனை எடுத்து. மேல தோல் பிடிச்சாலும் உள்ளுக்கு இறுகக் கிழமைக்கணக்கு எடுக்கும். அதுக்கு மேல 2கே கிளியரை அடிச்சால் அதின்ர கரைப்பான் உள்ள இறங்கி எனாமலை ஊதப் பண்ணும். கோடு முழுக்கக் கருவாட்டுத் தோல் மாதிரிச் சுருங்கும், பிறகு பக்கத்துப் பச்சையையும் சேத்து உரிக்க வேண்டியதுதான். கிளியருக்குக் கீழதான் போகோணுமெண்டால் எனாமலுக்குரிய ஹார்ட்னர் கலக்க வேணும், அல்லது கோட்டையே யூரித்தேன் ஸ்ரைப்பிங் பெயின்றில இழுக்க வேணும். பச்சையையும் முழுசாய் மண்பேப்பர் போட்டு மங்கப் பண்ண வேணும். கிளியர் இல்லாமல் அடிச்ச வண்டிக்கு உந்தக் கரைச்சல் எதுக்கு?

மேல வைச்ச கோட்டுக்கு இன்னொரு நன்மையும் இருக்கு. ஈரமாய் இருக்கேக்க பிழைச்சால், மினரல் ரேப்பன்ரைன் துளி பட்ட துணியை விரலில சுத்தி ஒரு துடை. இறுகின 2கேக்கு ஒண்டும் நடக்காது. துடைக்கிறதுக்கு 2கே தின்னர் எடுக்காதேங்கோ, பச்சையின் மினுக்கம் மங்கலாம்.

பச்சை மைனர் (கோண்டாவில்)

நன்றி அண்ணைமார். பிணைச்சலில ஆட்டம் இருக்கு, முதல் அதைப் பாக்கிறன். பெயின்ரை எவ்வளவு இளக்க வேணும், எப்பிடி இழுக்க வேணும் எண்டு விளக்கமாய்ச் சொல்லுவியளோ? தகட்டைத் துடைக்கப் பெற்றோல் காணுமோ?

தூரிகை

பெற்றோல் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். ரெண்டும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். சோப்புத் தண்ணியில கழுவி நல்லாய்க் காயவிட்டு, மெழுகு எடுக்கிற கிளீனரை ஒரு துணியில நனைச்சுத் துடையுங்கோ. அது காய முதல் இன்னொரு காய்ஞ்ச துணியால எடுக்க வேணும். காயவிட்டால் கரைஞ்ச அழுக்கு திரும்ப அங்கேயே படியும். பொலிஷில சிலிக்கன் இருந்திருந்தால் கோட்டில மீன் கண் மாதிரிச் சின்னக் குழிகள் விழும். விழுந்தால் அதுக்கு மேல பூசாமல் துடைச்சு எடுத்து, இன்னும் ரெண்டு தரம் கிளீனர் போட்டுத்தான் திரும்ப இழுக்க வேணும்.

இளக்கிற அளவை வீதத்தில சொல்ல ஏலாது, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மாறும். பழைய மினுங்கல் சஞ்சிகையின் அட்டையை எடுத்து வையுங்கோ, அதுதான் தட்டு. ஒரு சின்ன மூடியில பெயின்ற், இன்னொண்டில மெதுவாய்க் காயிற ரிடியூசர் (எனாமலை இளக்கிற திரவம்) அல்லது மினரல் ரேப்பன்ரைன். பிறஷை ரேப்பன்ரைனில நனைச்சுப் பிழிஞ்சு, பெயின்ரில மயிரின் அடிவரைக்கும் தோய்ச்சு, அட்டையில ஒரு சாண் நீளத்துக்கு முன்னும் பின்னும் இழுங்கோ. ஒரு பக்கம் பத்துத் தரம், திருப்பி மற்றப் பக்கம் பத்துத் தரம். முதலில பிறஷ் அட்டையைப் பிடிச்சு இழுக்கும். ரிடியூசர் ரெண்டு மூண்டு துளி விட்டுத் திரும்ப இழுங்கோ. ஒரு கட்டத்தில பிறஷ் வழுக்கத் தொடங்கும், ஆனால் பெயின்ற் பரவாது. மயிர் எல்லாம் ஒரு கத்தி அலகு மாதிரிச் சேந்து நிக்கும். அந்தப் பதம்தான் வேணும். அதுக்குப் பிந்தி ஒரு துளி விட்டாலும் கோட்டின் முடிவு வீங்கும்.

இஞ்சத்தை வெக்கையில அட்டையில கிடக்கிற பெயின்ற் கெதியாய் இறுகும். கோடு நடுவில உலர்ந்து பிஞ்சு பிஞ்சு வந்தால் கை பிழையில்லை, பதம் போயிட்டுது. ஒவ்வொரு தோய்ப்புக்கும் ஒரு துளி, ரெண்டு தோய்ப்புக்கு ஒருக்கால் அட்டையில புது இடம். காய்ச்சின ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி விட்டால் இன்னும் வழுக்கும், ஆனால் கூடினால் காயாது, கிறீமும் மஞ்சளடிக்கும்.

நேரம் காலமை ஏழு தொடக்கம் பத்து. விடியப்புறம் தொடங்காதேங்கோ, தகடு குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத பனி பிடிச்சிருக்கும். புறங்கையை வைச்சுப் பாத்து, ஈரமும் சூடும் இல்லையெண்டால் தொடங்கலாம். சோளகம் வீசுற மாசங்களில கோண்டாவில் செம்மண் எங்க பூட்டினாலும் உள்ள வரும். ஒரு மணித்தியாலம் முந்தியே தரைக்குத் தண்ணி தெளிச்சு வடிய விட்டு, ஃபானை நிப்பாட்டிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ. ராவில லைற்றைப் போட்டு இழுத்தால் பூச்சி வந்து கோட்டில ஒட்டும்.

இழுவை: பிறஷைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில பிடியுங்கோ. சின்ன விரல் தகட்டில அல்லது காந்த ரேப்பில வழுக்கிக்கொண்டு வரும், மற்றக் கை மணிக்கட்டைத் தாங்கும். நுனியைத் தொட்டு, மெல்லப் படுக்க விட்டு, மொத்தம் வந்தவுடன அதே அழுத்தத்தில உங்களை நோக்கி இழுங்கோ. மணிக்கட்டு அசையக்கூடாது. தோளோட சேந்து முழு உடம்பும் பின்னால போக வேணும். பிறகு பின்னுக்குப் போக இடமில்லாமல் நிக்காமல், முதலே ஒருக்கால் வெறும் கையோட நடந்து பாருங்கோ. கண் மயிரைப் பாக்கக்கூடாது, அதுக்கு ரெண்டு விரற்கடை முன்னால கோடு போக வேண்டிய இடத்தைப் பாக்க வேணும். மயிரைப் பாத்தால் ஒவ்வொரு நடுக்கத்தையும் திருத்தப் போய்க் கோடு பாம்பாகும்.

முக்கால் மீற்றருக்கு ஒருக்கால் தோய்க்க வேண்டி வரும். பொருத்தை வெறும் தகட்டில தொடங்காதேங்கோ. ஈரமாய் இருக்கிற பழைய கோட்டுக்குள்ள 5 சென்ரிமீற்றர் பின்னுக்குப் போய் நுனியால மெல்ல இறங்கி, அது முடியிற இடத்தில முழு மொத்தத்துக்கு வாங்கோ. கதவு இடைவெளியில பிறஷைத் தூக்கிப்போட்டு அடுத்த பக்கத்தில தொடங்குங்கோ, இல்லாட்டி வெட்டுக்குள்ள பெயின்ற் விழுந்து ஒழுகும்.

மேல் கோடு 3 மில்லிமீற்றர், இடைவெளி 3, கீழ் கோடு 1. ஒரு பக்கத்தின் மொத்தக் கோட்டை முழுசாய் முடிச்சு, அடுத்த நாள் மெல்லிசை இழுங்கோ. கை பட்டு அழியாது.

முதல் பழகிறதுக்குக் கண்ணாடித் தட்டு ஒண்டு போதும். கீழ ஒற்றைக்கோட்டுக் கொப்பித் தாளை வைச்சு, அந்தக் கோட்டுக்கு மேலால இழுத்து, பிளேட்டால வழிச்சுத் திரும்ப இழுங்கோ. ஒரு கோடு நேராய் வந்ததெண்டு வண்டிக்குப் போகாதேங்கோ. பக்கத்தில பக்கத்தில இருபது கோடு ஒரே மொத்தத்தில வரவேணும்.

வாகனம்

ஒரு சின்னச் சேர்க்கை. நீங்களே இழுக்கத் துணிவில்லையெண்டால் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுற ஆக்களைக் கேளுங்கோ. எனாமலில நீளக் கோட்டை ஒரே மூச்சில இழுக்கிற கை அவையிட்ட இருக்கு. அவைக்குப் பழக்கம் கட்டை மயிர் பிறஷ், அதனால நீளப் பிறஷைக் குடுத்து அரை நாள் கண்ணாடியில பழக விட வேணும். ஆனி, ஆடி, ஆவணியில கேக்காதேங்கோ, திருவிழா வேலையில நிப்பினம்.

பச்சை மைனர் (கோண்டாவில்)

கோடு காஞ்ச பிறகு எப்ப கழுவலாம், எப்ப மெழுகு போடலாம்? பிறஷை எப்பிடி வைக்கிறது?

தூரிகை

அடுத்த நாள் தொட்டால் ஒட்டாது. ஆனால் ஒரு கிழமைக்குக் கழுவாதேங்கோ, ஒரு மாசத்துக்கு மெழுகு போடாதேங்கோ. அதுக்குப் பிறகும் அரைக்கிற பொலிஷைக் கோட்டில படவிடக்கூடாது, கோட்டுக்கு மேல கிளியர் இல்லை.

பிறஷை மூண்டு தரம் புது ரேப்பன்ரைனில அலசி, மயிரின் அடியில நிறம் வராமல் போனதைப் பாத்து, தையல் மெஷின் எண்ணெயில தோய்ச்சு, விரலால வாள் வடிவத்துக்கு நீவித் தட்டை ரின்னுக்குள்ள படுக்க வையுங்கோ. நிமித்தி வைச்சால் மயிர் வளையும், வளைஞ்சால் திரும்பாது. நல்லெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம், காற்றுப் பட்டுப் பிசினாகும். ரின்னுக்குள்ள ஒரு பூச்சி உருண்டை போடுங்கோ, கரப்பான் அணில் மயிரைத் தின்னும். திரும்ப எடுக்கேக்க எண்ணெயை ரேப்பன்ரைனில முழுசாய்க் கழுவுங்கோ. மிச்ச எண்ணெய் இருந்தால் முதல் கோட்டிலயே குழி விழும்.