பதில்: முகலாய ஓவியங்களில் கிறித்தவப் படங்கள் – ‘வழியோவியம்’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பின்பற்றி முகலாய ஓவியர்கள் வரைந்த படங்களைத் தமிழில் என்ன சொல்லால் குறிப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. முதலில் நண்பர் ஒருவர் எழுதியது:

> ஐரோப்பிய அச்சுப்படத்தைப் பார்த்து முகலாய ஓவியர் வரைந்ததை ‘நகலோவியம்’ என்றே சொல்லிவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் அந்தச் சொல் ஓவியரின் கைவேலையை மறைத்துவிடுகிறது. 1588 வாக்கில் முகலாய ஓவியர் கேசு தாஸ் தீட்டிய புனித மத்தேயுவைப் பாருங்கள். டச்சு ஓவியர் ஹீம்ஸ்கெர்க் வரைய, பிலிப் காலே செப்புத்தகட்டில் செதுக்கிய படம்தான் அதற்கு மூலம். கேசு தாஸின் கைக்கு வந்தவை கறுப்புக் கோடுகள். நற்செய்தியாளர், வானதூதர் இருவர் உடையிலும் உள்ள ஒவ்வொரு நிறமும் அவரே தேர்ந்தது. இன்னொரு முகலாய ஓவியரான அபுல் ஹசனோ 1600 வாக்கில், சின்னஞ்சிறு வயதில், ஜெர்மானிய ஓவியர் டூரர் 1511இல் செதுக்கிய சிலுவைப்பாட்டுக் காட்சியிலிருந்து யோவானை மட்டும் தனியே எடுத்து வரைந்தார். சிலுவை இல்லை, மரியன்னை இல்லை. கைகோத்துத் துயரத்தில் நிற்கும் ஒரு மனிதர். இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழுமத்தில் அம்மையார் ஒருவர் முன்மொழிந்த ‘தழுவலோவியம்’ இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் கருவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தழுவல்தான். நமக்கு வேண்டியது, இன்ன தகட்டுப்படம் இதற்கு மூலம் என்று காட்டும் சொல்.

அது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. முன்னோர் நூலின் முடிபை ஏற்று, ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ கூறுவது வழிநூல் என்கிறது நன்னூல். தொல்காப்பியம் மொழிபெயர்ப்பையும் வழிநூல் வகைகளுள் வைக்கிறது. ஆகவே என் பரிந்துரை ‘வழியோவியம்’, மூலத்துக்கு ‘முதற்படம்’. படக்குறிப்பில் ‘அபுல் ஹசன், டூரர் வழி’ என்று சுருக்கமாக எழுதிவிடலாம். ‘வழிபாட்டு ஓவியம்’ என்று மாற்றிப் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம், பொருள் கிறித்தவம் என்பதால், நியாயமானதே. முதலில் வரும் இடத்தில் ‘வழிநூல் போல’ என ஒரு குறிப்புப் போதும்.

இச்சொல்லின் எல்லையையும் இப்போதே வகுத்துக்கொள்வோம். இயேசு சபைத் துறவி ஜெரோம் சேவியர் (முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சேவியருக்குப் பேரன் முறை) அக்பருக்காக 1602இல் பாரசீகத்தில் முடித்த இயேசு வரலாறு ‘மிராத் அல்-குத்ஸ்’. இளவரசர் சலீமின் (பின்னாளில் ஜஹாங்கீர்) அலகாபாத் ஓவியர்கள் படம் தீட்டிய பிரதி ஒன்று கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள காட்சிகள் பல, கதையைக் கொண்டு ஓவியர்கள் தாமே அமைத்தவை. முதற்படம் இல்லாதபோது அவற்றை வழியோவியம் என்பது பிழை. கிறித்தவப் பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட வேண்டாம்.

இந்தப் பகுப்பில் சிக்கலானவர் அக்பரின் ஓவியர் பசாவன். 1580இல் பதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபையார் அக்பருக்குத் தந்த ஆண்ட்வெர்ப் பன்மொழி விவிலியத்தின் முகப்புப் படம் ஒன்றில் ஒரு பெண்ணுருவம் உண்டு. பசாவன் அதை எடுத்து, நிலையையும் சூழலையும் மாற்றி மாற்றி வரைந்தார். அபுல் ஹசனின் யோவான் தனித்து நின்றாலும் நிற்கும் நிலை டூரருடையது, அதனால் வழி. ஐரோப்பியச் செதுக்கோவியர் வீரிக்ஸின் தகட்டைப் பின்பற்றி முகலாய ஓவியர் நினி வரைந்த புனித செசீலியாவின் வேதசாட்சி மரணமும் ஐயமின்றி வழியே. பசாவனுடையதை, வழிநூலை அடுத்து நம் இலக்கணம் சொல்லும் சார்புநூல் போல, ‘சார்போவியம்’ என்று தனியே வைக்கலாம் என்பது என் எண்ணம். எவ்வளவு விலகினால் வழி சார்பாகும்? ஓவியம் பயின்றவர்கள் இதற்குத்தான் பதில் எழுத வேண்டும்.